பிள்ளைக்கு எக்ஸ்பாண்டர் மாட்டிய முதல் மாதம்: சாவி, எச்சில், சாப்பாடு, ழகரம்

பல்லுக்குக் கம்பி கட்டுவது என்றால் நமக்கெல்லாம் தெரியும், முன்பல்லில் கிளிப் தெரிகிற பிள்ளைகள் இப்போது எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். என் மகளுக்கு 9 வயதில் பல் டாக்டர் சொன்னது அது இல்லை. மேல்தாடை குறுகலாக இருக்கிறது, வாயை மூடும்போது வலது பக்கம் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உள்ளே போய் விழுகின்றன, அதனால் தாடையே ஒரு பக்கமாக ஒதுங்கி மூடுகிறது, முதலில் அண்ணத்தை அகலப்படுத்த வேண்டும், அதற்கு எக்ஸ்பாண்டர் போடலாம் என்றார். வாயின் மேற்கூரையில், கடைவாய்ப் பற்களில் இரண்டு பக்கமும் உலோக வளையம் மாட்டி, நடுவில் ஒரு திருகு வைத்த கருவி அது. சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். சாப்பிடும்போது கழற்ற முடியாது, தூங்கும்போதும் கழற்ற முடியாது. நடுவில் இருக்கும் திருகை வீட்டில் நாம்தான் தினமும் சாவி போட்டுத் திருப்ப வேண்டும்.

எங்கள் சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ யாருக்கும் இதைப் போட்டு நான் பார்த்ததில்லை. அதனால் முதல் பத்து நாள் தட்டுத் தடுமாறித்தான் போனது. அப்போதும் அதற்குப் பிறகும் கற்றுக்கொண்டதை உங்கள் பிள்ளைக்காக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொல்வதையே கேளுங்கள், அந்த வாயைப் பார்த்தவர் அவர்தான்.

முதலில் ஒன்று. இதில் பெரிய கஷ்டம் வலி இல்லை. எச்சிலை விழுங்குவதும், பேச்சும், சாப்பாடும்தான் பிள்ளையைப் படுத்துகின்றன. இந்த மூன்றையும் முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்தினால் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. “ஒண்ணுமே இல்லடா செல்லம், வலிக்கவே வலிக்காது” என்று சொல்லிக் கூட்டிப்போனால், முதல் ராத்திரியே அம்மா சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதற்கப்புறம் தினமும் ராத்திரி அந்த வாய்க்குள் நீங்கள் சாவியை விட வேண்டும். நம்பாத பிள்ளை வாயைத் திறக்காது.

மாட்டுவதற்கு முன்பு

கருவியை ஒட்டுவதற்குச் சில நாள் முன்பு, கடைவாய்ப் பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையங்களை நுழைத்து அனுப்புவார்கள். செப்பரேட்டர் என்பார்கள். உலோக வளையம் நுழைய இடம் உண்டாக்குவதற்காக அது. பல்லுக்கு நடுவில் இறைச்சி நார் சிக்கிக்கொண்டு வராமல் இருக்குமே, அப்படித்தான் இருக்கும், ஆனால் நாள் முழுக்க. உண்மையைச் சொன்னால் என் மகளுக்கு எக்ஸ்பாண்டரைவிட இந்த ரப்பர்தான் அதிகம் வலித்தது. அந்த நாட்களில் சூயிங் கம், ஜவ்வு மிட்டாய் எதுவும் வேண்டாம், ரப்பர் கழன்று வந்துவிடும். கழன்றால் க்ளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள், சும்மா இருந்துவிட்டால் மாட்டும் நாளன்று வளையம் உள்ளே போகாது.

என்ன நடக்கப்போகிறது என்பதைப் பிள்ளையின் வாயிலேயே காட்டிவிடலாம். “நாக்கு நுனியை மேலே வச்சு, நடுவுல முன்னாலேருந்து பின்னால தடவிப் பாரு” என்று சொல்லுங்கள். அண்ணத்தின் நடுவில் ஒரு கோடு தட்டுப்படும். மேல்தாடை எலும்பு ஒன்றே போலத் தெரிந்தாலும் வலது இடது என்று இரண்டு பாதி, அந்தக் கோட்டுக்கு மேலேதான் இரண்டும் சேர்கின்றன. சின்ன வயதில் அந்த இணைப்பு இறுகியிருக்காது. வளர வளரத்தான் இறுகும், அதனால்தான் வயதுக்கு வருவதற்கு முன்பே செய்வது சுலபம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இரட்டைக் கதவை மெல்லத் திறக்கிற மாதிரி, கதவுக்குச் சாவி நம் கையில் இருக்கிறது என்று நான் சொன்னேன். சாவி என்றதும் அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது.

இது புதுசாகக் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1860-லேயே அமெரிக்காவில் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு 14 வயதுப் பெண்ணின் வாயில் திருகு வைத்து, இரண்டே வாரத்தில் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி விழும் அளவுக்கு அண்ணத்தை அகலப்படுத்தி அதை எழுதியும் வைத்தார். அந்தக் காலத்தில் கூட இருந்த மருத்துவர்களே நம்பவில்லை. “உனக்கு முன்னாடி எத்தனையோ பிள்ளைங்க இதைப் போட்டுட்டுக் கழட்டியிருக்காங்க” என்பதை என் மகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, 1860 என்ற கணக்கு அதற்கு உதவியது.

மாட்டும் நாள்

வெள்ளிக்கிழமை சாயங்காலமோ சனிக்கிழமையோ நேரம் கேட்டு வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பழகிக்கொள்ளலாம். மறுநாள் பரீட்சை, பேச்சுப் போட்டி, ஆண்டு விழா என்று எதுவும் இருக்கக் கூடாது. போவதற்கு முன் வயிறாரச் சாப்பிட வைத்துக் கூட்டிப்போங்கள், ஏனென்றால் அடுத்த வேளை சாப்பாடு ஒழுங்காக இறங்காது.

மாட்டுவதில் வலி பெரிதாக இல்லை, ஊசியும் இல்லை. வளையத்தை அழுத்தி உட்கார வைக்கும்போது ஓர் இறுக்கம், சிமெண்டின் புளித்த ருசி, வாயை ரொம்ப நேரம் திறந்தே வைத்திருக்கும் அலுப்பு, அவ்வளவுதான். கஷ்டம் வீட்டுக்கு வரும் வழியில் தொடங்கும். நாம் ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் நாக்கு மேலே போய் அண்ணத்தில் அழுந்துகிறது. இப்போது அந்த இடத்தில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது. வாயும் அதைச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு எச்சிலை ஊற்றுகிறது. ஊறுவது அதிகம், விழுங்க வழி தெரியவில்லை, ஆகவே ஒழுகும். ஆட்டோவிலேயே என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள், “அம்மா, என்னால முழுங்கவே முடியலம்மா” என்று. ஒரு துண்டை எடுத்துப்போயிருந்தது நல்லதாகப் போயிற்று.

இதற்கு உதவியது தண்ணீர்தான். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர், உதட்டை மூடிக்கொண்டு விழுங்கு, இன்னொரு வாய், மறுபடி விழுங்கு. அரை மணி நேரத்தில் நாக்கு புது வழியைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நம் வீடுகளில் டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கத்தான் பிள்ளைகளுக்குப் பழக்கியிருப்போம். முதல் வாரம் அது வேண்டாம். தலையைத் தூக்கித் தண்ணீரை ஊற்றும்போது நாக்கு சரியாக மூடாமல் புரையேறுகிறது. வாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும், அந்த வாரத்துக்குத் தனி டம்ளர் கொடுத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் எச்சில் பண்ணாதே என்று அவர்கள் திட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ராத்திரி தலையணை நனையும். தலையணை மேல் ஒரு பழைய துண்டைப் போட்டுப் படுக்க வையுங்கள். நாலைந்து நாளில் இது தானாகக் குறைந்துவிடும். நாக்கின் மேல்பக்கம் கம்பியின் அச்சு பதிந்து கோடு தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கருவியைக் கழற்றியதும் போய்விடும். கன்னத்தில் எங்காவது உரசினால் க்ளினிக்கில் கொடுக்கும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அந்த இடத்தில் அப்பிவிடலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் புண் சீக்கிரம் ஆறும். வலி மாத்திரை தேவைப்பட்டால் பாரசிட்டமால்தான் வழக்கம், அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, ஆகவே அன்றைக்கே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

சாவி

இதைத்தான் நான் அதிகம் பயந்தேன், இதைத்தான் விவரமாக எழுத வேண்டும்.

ஒரு தடவை சாவி போடுவது என்றால் திருகைக் கால் சுற்றுச் சுற்றுவது. பெரும்பாலான திருகுகளில் ஒரு கால் சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் அகலும், சிலவற்றில் 0.2 மில்லிமீட்டர். எங்களுக்கு நாளைக்கு ஒன்று என்று 26 நாள், மொத்தம் ஆறரை மில்லிமீட்டர். சில பிள்ளைகளுக்குக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொல்வார்கள், சிலருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். எத்தனை தடவை, எத்தனை நாள் என்பதைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் க்ளினிக்கை விட்டு வராதீர்கள். இன்னொன்று, முதல் சுற்றை டாக்டர் செய்து காட்டுவார், இரண்டாவதை அவர் முன்னாலேயே நீங்கள் செய்து காட்டுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு “தெரிஞ்சிடுச்சு டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

பிள்ளையைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, தோளுக்குக் கீழே ஒரு தலையணை கொடுத்து, தலை கொஞ்சம் பின்னால் சாயும்படி வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். செல்போன் டார்ச்சை வீட்டில் இன்னொருவர் பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டு கையும் சும்மா இருக்கும். சாவியின் பின்பக்கம் ஒரு முழ நீளத்துக்கு நூல் கட்டி, நூலின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளுங்கள். பிடியோடு வரும் பெரிய சாவியாக இருந்தால் பிரச்சினை இல்லை, வெறும் கம்பிச் சாவியாக இருந்தால் நூல் இல்லாமல் வாய்க்குள் விடவே கூடாது. கை தவறினால் நேராகத் தொண்டைக்குத்தான் போகும்.

திருகின் உருளையில் முன்பக்கமாக ஒரு சின்னத் துளை தெரியும். சாவியை அதில் நன்றாக உள்ளே விட்டு, முன்பல் பக்கத்திலிருந்து தொண்டைப் பக்கமாக, அதற்கு மேல் போகாது என்று நிற்கும்வரை தள்ளுங்கள். பல கருவிகளில் அம்புக்குறியே போட்டிருக்கும். முழுக்கத் தள்ளினால் முன்பக்கம் அடுத்த துளை வந்து நிற்கும். அந்தத் துளையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும். எடுக்கும்போது முன்னால் இழுக்காமல், இன்னும் கொஞ்சம் தொண்டைப் பக்கமாகவே சாய்த்து நாக்குப் பக்கம் கீழே இறக்கி எடுங்கள். முன்னால் இழுத்தால் சுற்றியது திரும்பப் பின்னுக்கு வந்துவிடும். நாலாம் நாள் நான் அப்படித்தான் செய்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் துளையே தெரியவில்லை, பாதியில் நிற்கிறது, சாவி உள்ளே போகவில்லை. பதறிப்போய் க்ளினிக்குக்கு ஓடினோம், டாக்டர் ஒரு நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார். துளை தெரியவில்லை என்றால் முதலில் வாயைக் கொப்பளிக்க வைத்து பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், சில சமயம் சாதப் பருக்கைதான் அடைத்திருக்கும். அப்படியும் இல்லை என்றால் ஊக்கு, கம்பி என்று எதையும் விட்டுக் குடையாமல் போன் செய்யுங்கள்.

சுற்றியவுடன் மூக்குத் தண்டு, கண்ணுக்கு நடுவில், கன்ன எலும்பு, முன்பல், இங்கெல்லாம் ஒரு அழுத்தம் வரும். தும்மல் வருகிற மாதிரி இருக்கிறது என்றாள் என் மகள். ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். ராத்திரிச் சாப்பாடு முடிந்து, பல் தேய்த்த பிறகு சாவி போடுவது நல்லது, அதற்கு மேல் மெல்ல வேண்டியதில்லை, அழுத்தம் அடங்கும்வரை ஒரு கதை சொன்னால் தூக்கமும் வந்துவிடும்.

இந்த இடத்தில் பிள்ளைக்கு ஒரு அதிகாரம் கொடுங்கள். எப்போது தொடங்கலாம் என்று அவள்தான் சொல்ல வேண்டும், கையைத் தூக்கினால் நான் உடனே நிறுத்திவிடுவேன் என்பது எங்கள் ஒப்பந்தம். முதல் மூன்று நாள் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன். நாலாம் நாளிலிருந்து தூக்கவே இல்லை. பிடித்து அமுக்கிச் சுற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு நாள் வேலை நடக்கும், மறுநாள் நடக்காது.

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் சாவி போட்ட நாளை அவளே பேனாவால் அடித்துக்கொண்டு வந்தாள். இது விளையாட்டுக்கு மட்டும் இல்லை. நேற்றுப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் நிச்சயம் வரும், ஊருக்குப் போன நாளில் அப்பா போட்டாரா அம்மா போட்டாளா என்று குழப்பம் வரும், அப்போது காலண்டர்தான் சாட்சி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். விட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், கணக்கை அவர் பார்த்துக்கொள்வார்.

சாப்பாடு

மெத்தென்று இருப்பதாகக் கொடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. நான் முதல் நாள் காலை மெத்தென்று இருக்கிறதே என்று இட்லி கொடுத்தேன். இட்லி மாவாகி, கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவில் போய் அப்பிக்கொண்டு, நாக்கால் எடுக்கவும் முடியாமல் குமட்டி, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. வாழைப்பழமும் அப்படித்தான், மைதா ரொட்டியும் அப்படித்தான். முதல் நாலு நாளைக்கு வேண்டியது ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிற சாப்பாடு. குழைய வடித்துத் தளர்வாகப் பிசைந்த ரசம் சாதம், மோர் கூடுதலாக விட்ட தயிர் சாதம், நெய் விட்ட பருப்பு சாதம், அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பாயசம். இட்லி கேட்டால் சாம்பாரில் நன்றாக ஊறவிட்டுத் துண்டாக்கிக் கொடுங்கள். குளிர்ச்சி இதமாக இருக்கும், எங்கள் மதுரையில் அதற்கு ஜிகர்தண்டா இருக்கிறது, அந்த வாரம் அவள் கேட்டபோதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன், குடித்து முடித்ததும் வாயை மட்டும் கொப்பளிக்க வைத்தேன்.

உருண்டை சின்னதாக இருக்கட்டும், நெல்லிக்காய் அளவு போதும். நாக்கின் நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பல் பக்கம் ஒதுக்கி வைத்தால் மேலே போய் ஒட்டாது. பிள்ளை தானாகச் சாப்பிடுகிற வயதுதான் என்றாலும் முதல் இரண்டு நாள் ஊட்டிவிடுங்கள், எங்கே வைக்க வேண்டும் என்பதை அது அப்படித்தான் கற்றுக்கொள்ளும். சாப்பாட்டுக்கு வழக்கமாக எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு பங்கு ஆகும், காலையில் அதற்கேற்ப முன்னதாக எழுப்புங்கள்.

ஒரு வாரம் போனதும் தோசை, இடியாப்பம், பணியாரம், முட்டை எல்லாம் சாப்பிடலாம். நாராக இருப்பவை திருகில் சுற்றிக்கொள்கின்றன: கீரைத் தண்டு, முருங்கைக்காய், நார் மாம்பழம், ஆட்டுக்கறி. நூடுல்ஸும் அப்படியே. பொடியாக நறுக்கியோ மசித்தோ கொடுத்தால் தொந்தரவு இல்லை. மீன் கொடுப்பதென்றால் முள்ளை நீங்களே பார்த்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். கருவிக்கு மேல் முள் மாட்டினால் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, அண்ணத்தில் குத்திக்கொண்டே இருக்கும்.

கருவி வாயில் இருக்கும்வரை தொடவே கூடாதவை தனி. முறுக்கு, சீடை, கமர்கட், கடலை மிட்டாய், வறுத்த பட்டாணி, பாப்கார்ன், ஐஸ் கட்டியைக் கடிப்பது, கரும்பைக் கடித்து இழுப்பது, ஜவ்வு மிட்டாய், சூயிங் கம். வலிக்கும் என்பதற்காக இல்லை, வளையத்தைப் பிடித்திருக்கும் சிமெண்ட் விரிசல் விட்டுவிடும் என்பதற்காக. ஒரு பக்கம் விட்டுவிட்டால் மறுபடி எடுத்து, சுத்தம் செய்து, ஒட்ட வேண்டும், அதுவரை சாவி போட முடியாது. எங்களுக்கு நடுவில் பொங்கல் வந்தது, கரும்பைப் பிழிந்து சாறாகக் கொடுத்தேன். எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தால் கடலையும் கடலைப் பருப்பும் இல்லாமல் தாளியுங்கள். பென்சில் கடிக்கிற பழக்கம் இருந்தால் அதையும் சொல்லி நிறுத்த வேண்டும்.

பேச்சு

தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இது கொஞ்சம் கூடுதல் சிரமம், காரணம் நம் எழுத்துகளிலேயே இருக்கிறது. ட, ண, ள, ழ இந்த நான்கையும் நாக்கை மேலே வளைத்து அண்ணத்தில் வைத்தோ வருடியோதான் சொல்கிறோம். ச, ஞ சொல்லும்போது நாக்கின் நடுப்பகுதி மேலே போகிறது. திருகு உட்கார்ந்திருப்பது சரியாக அந்த இடத்தில்தான். முதல் இரண்டு நாள் என் மகள் பேசியது வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. பள்ளி என்று சொல்ல வராமல் பாதியில் நிறுத்திக் கண் கலங்கினாள்.

பேசாமல் இருந்தால் பழகாது, அதனால் வீட்டில் நிறையப் பேச வையுங்கள், ஆனால் வரிசை முக்கியம். முதல் நாள் உதட்டால் சொல்கிற சொற்கள்: அம்மா, பாப்பா, மாமா. அவை கருவி போட்டாலும் தெளிவாக வரும், தன்னால் பேச முடிகிறது என்று பிள்ளைக்குத் தைரியம் வரும். அடுத்து தாத்தா, நத்தை. இவற்றுக்கு நாக்கு பல்லில்தான் தட்டும், கருவி குறுக்கே வராது. அப்புறம் வண்டி, பாட்டு, கண்ணாடி. கடைசியாக ச-வும் ழ-வும். “யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை” என்பதைத் தினமும் பத்துத் தடவை சொல்ல வைத்தேன், அது வந்த பிறகு “ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்”. வீட்டில் நாங்கள் எல்லோரும் கூடவே சொன்னோம், அப்பத்தாவும் சேர்ந்துகொண்டார், அதனால் அது அவளுக்கு மட்டும் கொடுத்த தண்டனை போல இல்லாமல் போனது. பாடப்புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிப்பதும் நல்ல பயிற்சி. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு வாரத்தில் பேச்சு திரும்பிவிடுகிறது. எங்களுக்கு ஒன்பதாம் நாள் ழ வந்தது.

வகுப்பு ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள். வாயில் கருவி பொருத்தியிருக்கிறது, இரண்டு வாரத்துக்குச் சத்தமாக வாசிக்கவோ திருக்குறள் ஒப்பிக்கவோ எழுப்ப வேண்டாம், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க அனுமதியுங்கள், அவ்வளவு போதும். கேலி செய்கிற பிள்ளைகள் இருப்பார்கள். என் மகளுக்கு நாங்கள் ஒரு பதிலைத் தயார் செய்து கொடுத்தோம்: “என் அண்ணம் பெரிசாகுது, சாவி போட்டா நகரும், பாக்குறியா?” பார்க்கக் காட்டியதும் கேலி செய்தவர்கள்தான் முதலில் எட்டிப் பார்த்தார்கள். பாட்டு வகுப்போ புல்லாங்குழலோ போகிற பிள்ளை என்றால் அந்த ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சுத்தம்

மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, ஊசி இல்லாமல் வாங்கி வையுங்கள். நான் செலவு செய்ததில் மிகப் பயனுள்ளது அதுதான். வெதுவெதுப்பான தண்ணீரை இழுத்து, பிள்ளையை வாஷ்பேசின் முன் குனிய வைத்து, கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவில் பக்கவாட்டில் பீய்ச்சினால் உள்ளே மாட்டியிருக்கும் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு எல்லாம் கொட்டும். குனிந்திருப்பது முக்கியம், நிமிர்ந்திருந்தால் புரையேறும். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் இதைச் செய்யுங்கள், பள்ளியில் நன்றாகக் கொப்பளித்தால் போதும், வீட்டுக்கு வந்ததும் பீய்ச்சிக்கொள்ளலாம்.

பல் தேய்ப்பதற்கு மெல்லிய தூரிகையுள்ள பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். வளையமும் ஈறும் சேரும் இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், அப்புறம் திருகைச் சுற்றி எல்லாப் பக்கமும். வளையத்தின் ஓரத்தில் அழுக்கு நின்றால் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், அது சொத்தையின் ஆரம்பம். ராத்திரி பால் குடிக்கிற பிள்ளையாக இருந்தால் பாலுக்குப் பிறகுதான் பல் தேய்க்க வேண்டும். பல்பொடி, சாம்பல், உப்பு என்று வீட்டில் சொல்வார்கள், இந்தச் சமயத்தில் வேண்டாம். 9 வயதுப் பிள்ளை தானே தேய்த்தால் இந்த இடங்கள் விட்டுப்போகும், ராத்திரி ஒரு வேளையாவது நீங்கள் தேய்த்துவிடுங்கள்.

முன்பல்லில் விழும் சந்து

இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் எழுந்து சிரித்தாள், இரண்டு முன்பல்லுக்கு நடுவில் ஒரு சந்து. நாள் போகப் போக அது பெரிதாகிக்கொண்டே போனது. எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பல் கெட்டுப்போயிற்று என்று அப்பத்தா அன்று சாப்பிடவே இல்லை. சாவியை நிறுத்திவிடலாமா என்று நானும் நினைத்தேன். நிறுத்தக் கூடாது. அண்ணத்தின் இரண்டு பாதியும் விலகுகின்றன என்பதற்கு அந்தச் சந்துதான் அடையாளம், கதவு திறக்கிறது என்று அர்த்தம். சாவி போடுவதை முடித்த பிறகு சில மாதத்தில் பல்லைச் சுற்றியுள்ள நார்கள் இழுத்து, பெரும்பாலும் அது தானாகவே மூடிக்கொள்கிறது. மீதம் இருந்தால் பின்னால் கம்பி கட்டும்போது சரிசெய்வார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த இடைவெளியை மூட இரண்டு பல்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். பல் வேர்ப்பக்கம் குறுகிக்கொண்டே போவதால் ரப்பர் மெல்ல வழுக்கி ஈறுக்குள் ஏறிவிடும், வெளியே தெரியாது, உள்ளே எலும்பை அரித்துப் பல்லே ஆடி விழும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

எப்போது உடனே போன் செய்ய வேண்டும்

கருவி ஒரு பக்கம் ஆடினால், கடிக்கும்போது மேலும் கீழும் அசைந்தால், சாவி போடுவதை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள், நீங்களே இழுத்துக் கழற்ற வேண்டாம். அழுத்தம் பத்து நிமிடத்தில் அடங்காமல் மணிக்கணக்கில் வலியாக நின்றால், அண்ணத்தில் புண்ணோ வீக்கமோ தெரிந்தால், துர்நாற்றமும் காய்ச்சலும் வந்தால் காத்திருக்கக் கூடாது. டாக்டர் சொன்ன நாளெல்லாம் சாவி போட்டும் சந்தே விழவில்லை, வலி மட்டும் கூடுகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். சாவியை விழுங்கிவிட்டால், இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள்.

சாவி முடிந்த பிறகு

26 நாள் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள் என்று என் மகள் நினைத்திருந்தாள். அதை முதலிலேயே நான் தெளிவாகச் சொல்லாததுதான் என் பெரிய வருத்தம். சாவி போடுவது நின்றாலும் கருவி இன்னும் மூன்றிலிருந்து ஆறு மாதம் வாயிலேயே இருக்கும். விலகின இடத்தில் புது எலும்பு வந்து நிறைய வேண்டும், அதற்குள் எடுத்தால் அகன்றது மறுபடி குறுகிவிடும். காலண்டரில் அந்த மாதங்களையும் சேர்த்துக் குறித்துக் காட்டுங்கள். நல்ல விஷயம் என்னவென்றால் அந்த மாதங்களில் வேலை ஒன்றும் இல்லை, சுத்தமும் முறுக்கு விரதமும்தான். பிள்ளைக்குக் கருவி இருப்பதே மறந்துவிடுகிறது. அதனால்தான் அந்தச் சமயத்தில் பல் தேய்ப்பதில் அசட்டையும் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஒரே நாளில் முடிகிற வைத்தியம் இல்லை, பின்னால் கம்பியும் கட்ட வேண்டி வரலாம், ஆகவே மொத்தச் செலவையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் க்ளினிக் கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் சீரமைப்புக்கென்றே தனித் துறை இருக்கிறது, மற்ற ஊர்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

கழற்றுவது மாட்டுவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. வளையத்தை ஒரு கருவியால் இழுக்கும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், அதை முன்பே சொல்லி வையுங்கள், பல்லே உடைந்துவிட்டது என்று பயந்துவிடும். அண்ணத்தில் கருவியின் தடம் சிவப்பாக இருக்கும், உப்புத் தண்ணீரில் சில நாளில் ஆறிவிடும். பேச்சு அன்று ஒரு நாள் மறுபடி கொஞ்சம் தடுமாறும், நாக்கு அந்த இரும்பைத் தேடும். அகன்றது மறுபடி குறுகாமல் பிடித்து வைக்கும் ரீட்டெய்னர் என்ற கருவியை டாக்டர் போடச் சொன்னால் அதற்கான அளவை அன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள், அடுத்த வாரம் வருகிறோம் என்று கிளம்பிவிடாதீர்கள்.